கால்மாட்டில் இருப்பவள்

ராமநாதா,

உன் கடிதம் வந்தது. பொங்கலுக்கு வந்தபோது நீ எடுத்துப் போன போட்டோவும் அதோடு வந்தது. உன் கல்யாண வேலையில் வாசலில் செருப்புக் கழற்ற இடமில்லை. பந்தல்காரன் ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம், உங்க அப்பச்சி எதற்கெடுத்தாலும் பெண்டாட்டி மேல் கத்துவது ஒரு பக்கம். இந்த நேரத்தில் மாப்பிள்ளை ஒரு மரப்பலகையைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாரே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் எழுதியவன் மகனாயிற்றே, மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து உட்கார்ந்து படித்தேன். படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நாலு நாள் கழித்து இப்போதுதான் பேனாவைத் தொடுகிறேன். பதில் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

உங்கள் பாங்கு மேனேஜருக்குச் சினேகிதரான வெள்ளைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தியது, நெதர்லாந்து பக்கத்தில் பலகையில் வரைந்தது, ஏசுநாதரைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்தி அவர் தாயாரும் கூட இருந்தவர்களும் அழுகிற காட்சி, வரைந்தவன் பேர் தெரியாது, பெரிய ஓவியர் யாரோ ஒருவருடைய பட்டறையில் வேலை பார்த்தவனாக இருக்கலாம் என்றெல்லாம் சொன்னாராம். இருக்கட்டும். அவர் கேட்டது இரண்டு. இந்தப் படம் யாரிடமிருந்து யாரிடம் வந்தது, இப்போது யாருக்குச் சொந்தம் என்று வரிசையாக எழுதித் தரவேண்டும். அடுத்தது, படத்தில் இரண்டு பெண்களின் நெற்றியில் பின்னால் ஏறிய கறை இருக்கிறது, மருந்து வைத்துத் துடைத்தால் போய்விடும், அதற்குச் சம்மதம் வேண்டும். இவை போதாதென்று நீயும் ஒன்று சேர்த்திருக்கிறாய். பெண் வீட்டார் வருவதற்குள் இந்தச் சவப் படத்தை வீட்டைவிட்டு எடுத்துவிட்டால் நல்லது என்று. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன். சைகோனில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். உங்க ஐயா, என் மாமனார், அங்கே கடை வைத்திருந்த காலம். ஆளுயரக் கண்ணாடிகளின் மேல் ஆசைப்பட்டு ஏலத்துக்குப் போனவருக்கு, கண்ணாடியோடு இந்தப் பலகையையும் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு யாரோ ஒரு சாமியார் கொடுத்தாராம், அதற்கு முந்தி என்ன என்று யாருக்கும் தெரியாது. கப்பலேறி, ரயிலேறி, மாட்டுவண்டியில் காரைக்குடிச் செக்காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கண்ணாடிகள் பெல்ஜியத்தில் செய்தவை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசி முன்கூடத்தில் மாட்டினார்கள். படத்தைப் பிரித்துப் பார்த்த என் மாமியார், "செத்தவரைக் கிடத்தி நாலு பொம்பளைக ஒப்பாரி வைக்கிறதை நல்லது பொல்லது நடக்கிற வீட்டுல மாட்டுவாகளா? அங்குட்டுக் கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டாராம். சாமான் அறைக்குப் போனது. அங்கேயும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித்தான் வைத்தார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அதன் முதுகைத்தான் பார்த்தேன்.

பிறகு பாகம் பிரித்தார்கள். வெள்ளிச் சாமான், கண்ணாடி, தேக்குப் பெட்டி எல்லாவற்றுக்கும் சீட்டுப் போட்டார்கள். படத்தின் முறை வந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பங்காளி ஒருத்தரும் வேண்டும் என்று சொல்லவில்லை. கோட்டையூரில் இருக்கும் உன் பெரியாத்தா, வள்ளியம்மை ஆச்சிதான் கடைசியில் வாயைத் திறந்தார். "எங்கிட்டக் குடுங்க. புள்ளை இல்லாத வீட்டுல புதுசா என்ன கெட்டுப் போயிரப் போகுது?" என்றார். எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்தச் சொல் அவர் வயிற்றில் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகள். கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ, இடுப்பில் இருந்தவன் சோமு.

நீ சோமுவைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. நானும் உன்னிடம் பேசுவதில்லை. அப்படியே பழகிவிட்டோம். ஆனால் படத்தின் கதையை அவன் இல்லாமல் சொல்ல முடியாது, அதனால் இன்றைக்குச் சொல்கிறேன். ஆச்சி வீட்டுக்காரர் பெரியப்பச்சிக்கு வாரிசு இல்லை, புதுவயலில் அரிசி மில், கோட்டையூரில் அத்தனை பெரிய வீடு, பங்காளிக்குள்தான் பிள்ளை கூட்டித் தத்து எடுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. மூத்தவனைக் கேட்க மாட்டார்கள். இளையவனைக் கேட்டார்கள். உங்க அப்பச்சி என்னிடம் கலந்து பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்க, "ஏத்தா, உனக்குச் சம்மதந்தான?" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். அத்தனை பேர் பார்க்கையில் தலை தானாக ஆடியது. ராமநாதா, நீ பெண்டாட்டி கட்டப் போகிறாய், இதைக் கேட்டுக்கொள். சபையில் உன் பெண்டாட்டி சரி என்று சொன்னால் அதை நம்பிவிடாதே. வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு தடவை கேள். என்னை அந்த இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை.

தத்துச் சடங்கில் ஆறு வயசுப் பிள்ளைக்கு மஞ்சள் நீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நல்லாவே இல்லை ஆத்தா" என்றான். பெரியவர் சிரித்துக்கொண்டே அவன் தாடையைப் பிடித்து வள்ளியம்மை ஆச்சி பக்கம் திருப்பினார். "அங்குட்டுப் பாத்துச் சொல்லுப்பா. இனிமே ஆத்தா அங்குட்டு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே சூடு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவன் வேர் பிடிக்கட்டும், கொஞ்ச காலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதே என்றார்கள். பார்க்கவில்லை. டவுன் பஸ் ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடுகிற ஊர். நீ வாசலில் உட்கார்ந்து தம்பி எப்ப வருவான் என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டாய்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் இலை போட்டிருக்கிறது, யாரோ பின்னாலிருந்து "ஆத்தா!" என்று கூப்பிட்டான். குரல் தெரியாதா? நானும் திரும்பினேன், வள்ளியம்மை ஆச்சியும் திரும்பினார். பக்கத்தில் இருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கால்கொலுசு கழன்றதுபோல் குனிந்துகொண்டேன். அவன் ஓடிவந்து ஆச்சியின் சேலையைப் பிடித்தான். என்னைப் பார்த்து, சொல்லிக் கொடுத்தபடி, "சின்னாத்தா, வாங்க" என்றான். குறை சொல்லக் கூடாது, நன்றாக வளர்த்தார். என்னைவிடப் பொறுமையாக வளர்த்தார். அதையும் என்னால் தாங்க முடியவில்லை. கெட்ட மாமியார் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவள்கூட நாலு பேரிடம் சொல்லி அழலாம். நல்ல வீட்டில் பிள்ளையைக் கொடுத்தவள் யாரிடம் போய் என்னவென்று அழுவாள்?

பத்தொன்பது வயசில் அவன் போனான். புதுவயல் மில்லிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது நெல் லாரி. உனக்குத் தெரிந்ததுதான், நீயும் மெட்ராஸிலிருந்து ஓடி வந்தாய். ஆனால் பெண்கள் கூட்டத்துக்குள் நடந்தது உனக்குத் தெரியாது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலைமாட்டுக்குப் போனேன். எதுவும் யோசித்துப் போகவில்லை, கால் போனது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். "அங்குட்டு வாத்தா. அது கூட்டுனவ உக்கார்ற இடம். நீ பங்காளி வீடு" என்று காதில் சொன்னார்கள். வள்ளியம்மை ஆச்சி அவன் தலையை மடியில் வைத்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கால்மாட்டில் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும் அவனுக்கு, எனக்கு இருப்பது மாதிரியே. அந்தக் காலை எடுக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மில் காரில் டிரைவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். "ஆச்சி குடுத்து விட்டாக" என்றார். வேறு ஒரு சொல் இல்லை. சோமுவின் வேட்டியில் சுற்றிய இந்தப் படம். அந்தப் படம்தான் பிள்ளையைத் தின்றது, செத்தவர் படத்தை மாட்டினால் பின்னே என்ன ஆகும் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த நேரம். உன் பிள்ளையைத்தானே தின்றது, நீயே வைத்து அழு என்று என் மூஞ்சியில் விட்டெறிந்ததாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். படத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பழைய இடத்திலேயே சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதோடு கோட்டையூர்ப் பேச்சை விட்டேன். நீ அதைத் திருப்பிப் போட்டோ எடுத்தபோதும் நான் அடுப்படியில்தான் இருந்தேன். உனக்கு நினைவிருக்கும், காபி வேண்டுமா என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன்.

இப்போது நீ நெற்றியில் கறை என்று எழுதியிருக்கிறாய். போட்டோவில் இரண்டு கறுப்புப் புள்ளிதான் தெரிகிறது. என்ன கறை என்று பார்த்துவிடலாம் என்று சாமான் அறைக்குப் போய், ஜன்னலைத் திறந்துவிட்டுப் படத்தைத் திருப்பினேன். அந்த மனிதர் வெள்ளைத்துணியில் கிடக்கிறார். வெளுத்த உடம்பு, எலும்பு தெரிகிறது. நீல முக்காடு போட்ட அம்மாள் தலையைத் தாங்கியிருக்கிறாள். கண்ணீரை அப்படி வரைந்திருக்கிறான் அந்தப் பாவி, தொட்டால் கையில் ஒட்டும் போலிருக்கிறது. கால்மாட்டில் ஒருத்தி குனிந்து இரண்டு பாதத்தையும் பிடித்திருக்கிறாள். அப்புறம்தான் நெற்றியைப் பார்த்தேன். கறையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. குங்குமம். விரலால் எண்ணெயில் குழைத்து வைத்த பொட்டு. தலைமாட்டில் இருப்பவளுக்கு ஒன்று, கால்மாட்டில் இருப்பவளுக்கு ஒன்று. சுற்றி நிற்கிற மற்றவர்களுக்கு இல்லை.

என் புத்தி எப்படிப் போனது பார். என்னைக் கால்மாட்டில் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பொட்டும் வைத்துக் கேலியாக அனுப்பினாரா என்று ரத்தம் கொதித்தது. "நல்ல காரியம் நடக்கப் போற நேரத்துல அங்குட்டு எதுக்குப் போற?" என்று உங்க அப்பச்சி தடுத்தார். "பத்திரிகை வைக்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஆச்சி பாதியாக இளைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து, தடுமாறி, தூணைப் பிடித்துக்கொண்டார். "வாத்தா" என்றார். நான் உட்காரக்கூட இல்லை.

"ஆச்சி, ஒண்ணு கேக்கணும். படத்துல பொட்டு வச்சது யாரு, நீங்களா?"

என்னையே பார்த்தார். "இப்பத்தான் பாத்தியா நீ?"

"திருப்பி வச்சிருந்தேன்."

"அடிப் பாவி! நீ பாக்கணும்னுதானடி அனுப்புனேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுகை அடங்கிய பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எங்கிட்ட வந்த புதுசுல என் ரூமுல படுத்துக்கிட்டு அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பான். 'இந்த ஆச்சிக எதுக்கு அழுகுறாக?'ன்னு கேப்பான். தூங்குறவரு எந்திரிக்கலைன்னு அழுகுறாகன்னு சொல்லி வச்சேன். ஒரு நா சாமி கும்புட்டுட்டு வாறேன், நாற்காலியில ஏறி நிக்கிறான், வெரலெல்லாம் குங்குமம். அடிக்கக் கையை ஓங்கிட்டேன். 'அழுகுறாகள்ல, அதான் பொட்டு வச்சேன் ஆத்தா'ங்கறான். 'தலையப் புடிச்சிருக்கிறது நீங்க. காலப் புடிச்சிருக்கிறது காரைக்குடி ஆத்தா. நடுவுல தூங்குறது நானு'ன்னான். சின்னாத்தான்னு சொல்லணும்டான்னு திருத்துனேன். 'எல்லாரும் இருக்கையில சின்னாத்தா. இதுல ஆத்தா'ன்னுட்டான். நான் என்ன செய்வேன்? பொட்டை அழிக்கிறதாவது! கை வரலை. அப்படியே விட்டுட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

"அன்னைக்கி நீ தலைமாட்டுக்கு வந்தே. நான் பாத்தேன். நகந்து எடம் குடுக்கணும்னு தெரியாமலா இருந்துச்சு? நகந்தா என் புள்ளை இல்லைன்னு ஆயிருமோன்னு பயந்துட்டேன்டி. பெத்தவ வந்துட்டா எனக்கு என்ன எடம் இருக்கு? அதான் குனிஞ்சுக்கிட்டேன். அப்புறம் அந்தப் படத்தைப் பாக்கவே முடியலை. நான் ஆத்தான்னு நாலு பேரு சொல்லியாச்சு. நீ ஆத்தான்னு அவன் வாயால சொன்னது அது ஒண்ணுலதான் இருக்கு. அதாச்சும் உங்கிட்ட இருக்கட்டும்னு அனுப்புனேன். சொல்லி அனுப்ப வாய் வரலை."

ராமநாதா, நான் கோட்டையூரில் அழுததுபோல அவன் செத்த அன்றைக்குக்கூட அழவில்லை. அன்றைக்குப் பங்காளி வீட்டுக்காரி எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழுதேன். இப்போது அவர் மடியில் விழுந்து அழுதேன், அவர் என் முதுகில் விழுந்து அழுதார். வேலைக்காரப் பெண் பயந்துபோய் பெரியப்பச்சியைக் கூப்பிட ஓடினாள். இரண்டு வருஷமாக இந்த அம்மாளை வாயாரச் சபித்துக்கொண்டிருந்தேனே. படத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்திருந்தால் போதுமே. எந்த வீட்டிலும் யாராவது ஒன்றைக் கொடுத்து அனுப்பினால், அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கோபப்படு. உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான்.

இனி உன் மூன்று கேள்விகளுக்கு வருகிறேன். கறையைத் துடைக்க நான் சம்மதிக்கவில்லை. வரைந்தவன் பேர் தெரியாது என்கிறாரே உன் வெள்ளைக்காரர், பொட்டு வைத்தவன் பேர் எனக்குத் தெரியும், அதைச் சொல். யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் இப்படி எழுதிக் கொடு. ஒரு சாமியார், ஒரு பிரெஞ்சுக்காரர், உங்க ஐயா, பிறகு வேண்டாம் என்று சொன்ன பங்காளிகள், வள்ளியம்மை ஆச்சி, அவர் மகன் சோமு. அவனுக்குப் பிறகு அவன் ஆத்தாமார் இரண்டு பேர். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்வரை அது எங்கேயும் போகாது. எங்களுக்குப் பிறகு உன்னிஷ்டம், ஆனால் பொட்டோடுதான் கொடுக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தி எடுத்துவிடலாம் என்றாயே, நேற்றே எடுத்துவிட்டேன். சாமான் அறையிலிருந்து எடுத்து முன்கூடத்தில், பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே, முகம் தெரிய மாட்டியிருக்கிறேன். உங்க அப்பச்சி முதலில் குதித்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். பெண் வீட்டார் கேட்டால் மழுப்பாதே. தலைமாட்டில் இருப்பது என் பெரியாத்தா, கால்மாட்டில் இருப்பது என் ஆத்தா, நடுவில் இருப்பது என் தம்பி என்று சொல். மணவறையில் உன் தம்பி நிற்க வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கும். கூடத்திலாவது அவன் இருக்கட்டும்.

வரும்போது அந்தப் போட்டோவில் இன்னொரு பிரதி, கொஞ்சம் பெரிதாக, இரண்டு பொட்டும் தெரிகிற மாதிரி எடுத்து வா. உன் பெரியாத்தா கேட்டார். பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பெருசு வேண்டாத்தா, தலையணைக்கடியில வச்சுக்கிற மாதிரி சின்னதா இருந்தாப் போதும்" என்றார். அவர் அப்படித்தான் சொல்வார். நீ பெரிதாகவே எடுத்து வா.

உன் ஆத்தா